மூச்சு முட்டிய அம்பாசிடர்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செயலாளர் கேட்டுக்கொண்டதால், பேசியபோது விட்டுப்போன ஓரிரு விஷயங்களையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



முதலில் ஒரு மன்னிப்பு. நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் என் அம்பாசிடர் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு எண்ணெய்த் திட்டு இருந்தது எல்லோருக்கும் தெரியும். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் வாடை வேறு. தரைத்தள வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று புகார் வந்து, சங்கம் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தது. "முப்பது நாட்களுக்குள் சரிசெய்யவும், அல்லது வாகனத்தை அப்புறப்படுத்தவும்." கடிதத்தில் தவறே இல்லை. நான் செயலாளராக இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

நான் பி.காம். படித்தவன். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க். ஸ்பேனர் பிடித்த கை இல்லை, லெட்ஜர் பிடித்த கை. அதனால் இன்று நான் சொல்லப்போவது மெக்கானிக் பாடம் அல்ல. ஒரு கணக்கு எங்கே தப்பிப் போனது, எப்படிப் பிடிபட்டது என்கிற கதை.

வண்டி 1978-ஆம் வருஷ மார்க் 3. நான் வாங்கியது 1994-இல், இரண்டாவது கையாக. மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும், பேரனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதில்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வண்டி ஏழு மாதம் அசையாமல் நின்றது. பேட்டரியைக் கழற்றி வைத்தேன், டயரில் காற்று பார்த்தேன், உறை போட்டு மூடினேன். எல்லாம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ஓட்ட ஆரம்பித்ததும் தொல்லை தொடங்கியது. இன்ஜினின் பின்பக்கம், கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. டிப் ஸ்டிக் தானாக அரை அங்குலம் மேலே எழும்பி நின்றது. கிளட்ச் வழுக்கியது. பட்டறையில் காட்டினேன். கியர் பாக்ஸை இறக்கி, எண்ணெயில் ஊறிய கிளட்ச் பிளேட்டை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் மறுபடி அதே கதை, மறுபடி இறக்கினார்கள். மூன்றாவது முறை போனபோது மெக்கானிக் சொன்னார்: "சார், ரிங் போயிடுச்சு. காத்து கீழே அடிக்குது. இன்ஜினை இறக்கி போர் பண்ணணும். அம்பதாயிரத்துக்கு மேல ஆகும். இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க."

வீட்டில் இரண்டு நாள் பேசினோம். என் மனைவி, "வித்துடுங்க, நமக்கு என்ன வயசு குறையவா போகுது" என்றாள். பழைய இரும்புக் கடைக்காரரும் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் நம் 'பி' பிளாக்கில் இருக்கும் நண்பர் ஒருவர் கீழே இறங்கி வந்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாய் மேல் ஒரு பழைய ரேஷன் ரசீதை வைத்தார். ரசீது பட்டம் மாதிரி பறந்து போனது. "இது உள்ளே ஒட்டிக்கணும் சார். வெளியே பறக்கக் கூடாது. உங்க இன்ஜினுக்கு வயிறு உப்பியிருக்கு. ரிங்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பிரீதரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

பிரீதர் என்ற சொல்லையே நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிரீதர் என்றால் என்ன?

இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே பெட்ரோலும் காற்றும் வெடிக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் இருக்கின்றன. எவ்வளவு புது இன்ஜினாக இருந்தாலும் ரிங் நூற்றுக்கு நூறு அடைக்காது. கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். இதற்கு புளோ-பை என்று பெயர். அதில் எரியாத பெட்ரோல் ஆவி உண்டு, எரிந்த புகை உண்டு, நீராவி உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கீழே இறங்கும் சிறு பங்கு ஆயிலோடு கலந்து, காபிப் பொடியில் பால் ஊற்றிக் குழைத்தது போன்ற ஒரு கசடாக மாறும்.

இந்த வாயு வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர். வங்கி மொழியில் சொன்னால், தினமும் வரவு வந்துகொண்டே இருக்கிற கணக்கு இது. பற்று எழுத இடம் இல்லையென்றால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். இங்கே பாக்கி என்பது அழுத்தம். அது கிடைத்த இடுக்கு வழியே ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அம்பாசிடரில் இது இன்னும் சிக்கல். அதன் 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் வகை. வண்டியே மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸின் வழிவந்தது. இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். உள்ளே அழுத்தம் இல்லாதவரை அது ஒழுங்காக வேலை செய்யும். அழுத்தம் ஏறினால் மரையைத் தாண்டி ஆயில் வெளியே வந்து கிளட்ச்சில்தான் விழும். இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்றியும் நிற்காததற்குக் காரணம் இதுதான். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

மூன்று வாசல், மூன்றும் மூடி

என் வண்டியில் காற்று போய்வர மூன்று வாசல்கள். ஒன்று, இன்ஜின் பக்கவாட்டில் முன்புற டாப்பெட் கவரிலிருந்து கீழே தரையை நோக்கி இறங்கும் இரும்புக் குழாய். இரண்டு, மேலே ராக்கர் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாய். மூன்று, கம்பிவலை வைத்த ஆயில் மூடி. புஷ் ராடுகள் போகும் துளைகள் வழியாகக் கீழ் அறையும் மேல் அறையும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருப்பதால், எந்த வாசல் திறந்திருந்தாலும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

நண்பர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். இரும்புக் குழாயின் வாயில் களிமண். குளவிக் கூடு! ஏழு மாதம் அசையாத வண்டி, விரல் நுழையும் அளவில் இருட்டான ஒரு குழாய். குளவிக்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குப் பிறந்தது பட்டறை பில்.

இரண்டாவது வாசல் அடைபட்டதற்கு நானே பொறுப்பு. சில வருஷங்களுக்கு முன் அந்த ரப்பர் குழாய் வெடித்தபோது, வீட்டில் இருந்த பச்சைத் தோட்டக் குழாயில் ஒரு முழம் வெட்டி மாட்டியிருந்தேன். மிச்சப்படுத்திய பெருமை வேறு. ஆயில் ஆவியிலும் சூட்டிலும் அது இளகி, அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. மூன்றாவது, ஆயில் மூடியின் கம்பிவலை. அதில் பல வருஷக் கசடு தார் போல இறுகியிருந்தது.

ரிங் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டோம். கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்தோம். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து பவுண்டுக்குள் இருந்தன. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். எங்களுக்குப் பெரிதாக ஏறவில்லை. ஆக, ரிங் பரவாயில்லை. போர் செய்யத் தேவையே இல்லை.

எண்ணாக அளக்க நண்பர் இன்னொரு வழி காட்டினார். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூபில் பாதி தண்ணீர் விட்டு, 'ப' எழுத்தைப் போல் வளைத்துப் பலகையில் கட்டினார். ஒரு முனையை டிப் ஸ்டிக் துளையில் ரப்பர் கார்க்கோடு செருகினார். இன்ஜினை லேசாக முறுக்கியதும் இரு பக்க நீர்மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் வந்தது, வெளிப்பக்கம் தள்ளியபடி. மூன்று வாசலையும் சுத்தம் செய்த பிறகு ஒரு விரற்கடைகூட இல்லை.

எங்கே கொண்டுபோய் இணைப்பது?

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய முறையில் கீழே இறங்கும் குழாய் வெறும் காற்றோட்டத்தை நம்பியது. வண்டி வேகமாகப் போகும்போது அடியில் ஓடும் காற்று குழாய் வாயில் உறிஞ்சும். நெடுஞ்சாலைக்குச் சரி. அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஊர்ந்து போகிற வண்டிக்கு எந்தக் காற்றோட்டம்? வாயு நம் காலடியில்தான் விழும். தண்ணீரிலும் இது ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகள் ஆழமான நீரில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தபோது, திறந்த குழாய் வழியே தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும் என்பதால்தான் மூடிய பிரீதர் முறையைக் கொண்டுவந்தார்கள். இதைச் சொன்னபோது ஆவடி நண்பர் முகத்தில் ஒரு பெருமை.

பிறகு 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், முதலில் கலிஃபோர்னியாவில், புகைமூட்டத்தைக் குறைக்கக் கார்களில் இந்த வாயுவைத் திருப்பி இன்ஜினுக்கே கொடுத்து எரிக்கும் முறை வந்தது. அன்றைய கார் ஒன்று காற்றில் விட்ட எரியாத பெட்ரோல் வகை மாசில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைலன்சரிலிருந்து வந்ததல்ல, இந்த பிரீதர் வழியே வந்தது. நம் புகைச் சான்றிதழ்ச் சோதனையில் குழாயைச் செருகுவது சைலன்சரில். பிரீதரில் வருவது அதில் தெரியாது. என் வண்டி சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் தரைத்தளத்துக் குழந்தைக்கு வாடை கொடுத்துக்கொண்டிருந்தது.

"திருப்பி எரிக்கலாம்" என்று கேட்டவுடன் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நண்பர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், இன்டேக் மேனிஃபோல்டில் இருந்த ஒரு பிளக்கைக் கழற்றி, பிரீதர் குழாயை நேராக அதில் இணைத்தேன். நல்ல உறிஞ்சல் கிடைக்கும் என்று கணக்கு. கிடைத்தது. ஐட்லிங்கில் இன்ஜின் ஏறி ஏறி இறங்கியது, சைலன்சரில் பட் பட் என்று வெடித்தது, ஒரே வாரத்தில் அரை லிட்டர் ஆயிலையும் குடித்து நீலப் புகை விட்டது.

காரணம் இதுதான். கார்புரேட்டர் தன் வழியே போகும் காற்றைக் கணக்குப் பார்த்துத்தான் பெட்ரோல் கொடுக்கிறது. கார்புரேட்டருக்குப் பிறகு, மேனிஃபோல்டில் நுழையும் காற்று கணக்கில் வராத காற்று. கலவை நீர்த்துப் போகும். அதோடு ஐட்லிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தால் உறிஞ்சல் ஏறக்குறைய போயே போய்விடும். வாயு அதிகம் வருகிற நேரத்தில் இழுப்பு இல்லை, குறைவாக வருகிற நேரத்தில் பேய் இழுப்பு. அதனால் மேனிஃபோல்டில் இணைப்பவர்கள் நடுவில் பி.சி.வி. வால்வு வைக்கிறார்கள். ஐட்லிங்கில் அது வழியைக் குறுக்கும், த்ராட்டில் திறக்கும்போது ஸ்பிரிங் தள்ளி வழியை அகலமாக்கும், பேக் ஃபயர் ஆனால் மூடிக்கொள்ளும். அந்த வால்வின் அளவுக்கு ஏற்பக் கார்புரேட்டரையும் சரிசெய்ய வேண்டும்.

எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் இன்னொரு அழகான வழி உண்டு. அதன் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் த்ராட்டில் தகடுக்கும் நடுவே உள்ள அறையில் உறிஞ்சல் எப்போதும் மிதமாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இதே பி-சீரிஸ் குடும்பத்து இன்ஜின் வைத்த எம்.ஜி.பி. காரில் முதலில் வால்வு வைத்தார்கள். பின்னால் 1960-களின் இறுதியில் வால்வை விட்டுவிட்டு, கார்புரேட்டரின் அந்த அறையிலேயே துளை வைத்து இணைத்தார்கள். ஆனால் அதற்கென்று துளை உள்ள கார்புரேட்டர் வேண்டும். நாமாகத் துளை போடக் கூடாது.

கடைசியில் நாங்கள் செய்தது எளிய வழி. டாப்பெட் கவர் குழாயிலிருந்து ஒரு சிறு ஆயில் பிடிக்கும் டப்பா, அங்கிருந்து ஏர் ஃபில்டரில் காகித எலிமென்டைத் தாண்டிய சுத்தமான பக்கம். ராக்கர் கவர் குழாய் வாயை மூடிவிட்டோம். கம்பிவலை உள்ள ஆயில் மூடி வழியே புதுக் காற்று உள்ளே வரும், மேலிருந்து கீழே இறங்கி வாயுவைச் சேர்த்துக்கொண்டு டாப்பெட் பக்கம் வெளியேறும். ஒரு வாசல் வர, ஒரு வாசல் போக. இணைப்பு கார்புரேட்டருக்கு முன்னால் இருப்பதால் எல்லாக் காற்றும் கணக்கில் வருகிறது. டியூப் மட்டத்தில் இப்போது கால் அங்குலம் உள்பக்கம் இழுக்கிறது. அது போதும். ரேஷன் ரசீது மூடியின் வாயில் ஒட்டிக்கொள்கிறது.

புல்லட் வைத்திருக்கும் தம்பிகளுக்கு

என் வண்டியில் நான்கு சிலிண்டர். இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும். அதனால் கீழ் அறையின் கொள்ளளவு பெரிதாக மாறாது. திருவொற்றியூரில் உருவான புல்லட் 350-இல் ஒரே பிஸ்டன், 346 சி.சி. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் விநாடிக்கு 33 முறை அவ்வளவு காற்றையும் கீழே அழுத்தி மேலே இழுக்கும். அதனால் பழைய புல்லட்டின் பிரீதர் குழாய் முனையில் வாத்து அலகு போல ஒரு ரப்பர் வால்வு இருக்கும். வெளியே விடும், உள்ளே விடாது. அது கிழிந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ ஆயில் கசியும். அதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயாக விடுகிற பழக்கம் வேண்டாம்.

பார்க்க வேண்டியவை

1. ஆயில் கசிவு என்றதும் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் காகிதச் சோதனை, பிறகு கம்ப்ரெஷன் சோதனை. இரண்டுக்கும் அரை நாள் போதும்.

2. குழாய் ஆயிலும் பெட்ரோலும் தாங்கும் நைட்ரில் ரப்பராக இருக்கட்டும். தோட்டக் குழாய் கூடவே கூடாது. முதலில் இருந்த உள் அகலத்தைக் குறைக்காதீர்கள். நடுவில் தொய்வு விடாதீர்கள். தொய்வில் தண்ணீரும் கசடும் தங்கும்.

3. கம்பிவலையை மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்தி, இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி மாட்டுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் இதைச் செய்யலாம்.

4. டாப்பெட் கவரைக் கழற்றினால் கார்க் கேஸ்கெட் புதிது போடுங்கள். நடுவில் ஒரே போல்ட்தான். பலமாக முறுக்கினால் தகடு வளைந்து அங்கேயே கசியும்.

5. இணைப்பை மாற்றினால் ஐட்லிங்கையும் கலவையையும் மறுபடி பாருங்கள். ஆயில் பிடிக்கும் டப்பாவை மாதம் ஒருமுறை காலி செய்யுங்கள்.

6. நிறுத்தி வைக்கும் வண்டியானால் குழாய் வாயில் மெல்லிய கம்பிவலை கட்டுங்கள். துணி வைத்து அடைக்காதீர்கள், மறந்துபோகும். வாரம் ஒருமுறை பக்கத்துத் தெரு வரை ஓட்டுவதால் பயன் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறும் தூரம் ஓட்டினால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறும்.

7. சோதனை எல்லாம் திறந்த வெளியில். ஸ்டில்ட் பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டுப் பரிசோதிக்காதீர்கள். வேட்டியோடும் தோள் துண்டோடும் ஃபேன் பக்கம் குனியாதீர்கள்.

8. கழிவு ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது ஏரியில்தான் போய்ச் சேரும். கழிவு ஆயில் எடுத்துக்கொள்பவர்களிடம் கொடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நம் ஜெனரேட்டரும் டீசல் இன்ஜின்தான். அதற்கும் பிரீதர் உண்டு. அதன் கீழே இருக்கும் எண்ணெய் ஈரத்தைப் போன வாரம் பார்த்தேன். பராமரிப்புக்காரர் அடுத்த முறை வரும்போது பிரீதரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதிய கார் வைத்திருப்பவர்களும் சர்வீஸின்போது பி.சி.வி. வால்வைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணக்கை முடிக்கிறேன். இரண்டு முறை கியர் பாக்ஸ் இறக்கியது, இரண்டு கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் சேர்ந்து 18,400 ரூபாய். அது தேவையில்லாத செலவு. குழாய், கிளிப், கார்க் கேஸ்கெட், டப்பா, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்து 640 ரூபாய். அதுதான் தேவைப்பட்ட செலவு. மூன்றாவது கிளட்ச் பிளேட் 2021 முடிவில் போட்டது. இன்றுவரை மாற்றவில்லை. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. இனி ஒன்று புதிதாக வரப்போவதில்லை என்பதால், இருப்பதை அவசரப்பட்டு எடைக்குப் போடாமல் தடுத்த அந்த நண்பருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எண்ணெய்த் திட்டை மரத்தூளும் வாஷிங் சோடாவும் போட்டு நானும் பேரனும் தேய்த்துவிட்டோம். லேசாக ஒரு நிழல் இருக்கிறது, அது புதியது அல்ல. வண்டிக்கு அடியில் தினமும் இரவு ஒரு அட்டையை விரித்து வைக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் காலையில் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கலாம். தரைத்தளத்து வீட்டில் போன வாரம் கேட்டேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் நண்பரும் வெளி கேட் அருகே இருப்போம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ரேஷன் ரசீது நான் கொண்டுவருகிறேன்.